மகளின் பாரத்தில் நான் போடாத கையெழுத்து

என் எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு சம்பள நாளில் கையெழுத்து வைத்ததைத் தவிர அதிகம் எழுதியதில்லை. எந்த ர, எந்த ற என்று இன்றும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

மலாக்கா மாநிலத்தில், மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். நானும் என் மனைவியும் பால்மரம் வெட்டுகிறோம், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறோம். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இது மூத்தவளைப் பற்றியது.

மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்த வருடம், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் பால் வேண்டும் என்று கேட்டாள். தைலப் போத்தல் ஒன்றைக் கழுவி, அதில் பாலை ஊற்றி, உறையாமல் இருக்க தோட்டத்து ஸ்டோரில் வாங்கிய அமோனியா இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தேன். மறுநாள் வேனை விட்டு இறங்கியவள் பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள்.

“அப்பா, மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தேம்ப்பா. பாலுக்குள்ள குட்டி குட்டியா உருண்ட இருக்கு. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. ஆடிக்கிட்டே இருக்கு.”

நான் இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாலைத் தோளில் சுமந்தவன். மறுநாள் மரத்தடியில் வாளிக்குள் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக அசையாமல் கிடந்தது. அடுத்த நிரையில் நின்ற என் மனைவி அதைக் கவனித்துவிட்டாள். “மகளுக்கு முந்தி இவரு யுனிவர்சிட்டிக்குப் போயிருவாரு போல” என்றாள். அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே எண்ணம். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும். நான்காம் படிவத்தில் பிள்ளைகளை அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரித்துவிடுவார்கள். கடைசி இரண்டு வருடம் பௌதிகமும் ரசாயனமும் படிக்காதவர்களுக்குப் பின்னால் அந்தப் படிப்புகள் எதிலும் இடம் கிடைக்காது. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் படித்த பள்ளியில் கலைப் பிரிவு மட்டும்தான் இருந்தது. அறிவியலுக்கு மலாக்கா டவுனில் உள்ள பள்ளிக்கு மாற வேண்டும். அதற்குத் தாயோ தகப்பனோ ஒரு சனிக்கிழமை அவள் பள்ளிக்கே நேரில் வந்து, ஆலோசனை ஆசிரியரைப் பார்த்து, விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் பெயர் கலைப் பிரிவிலேயே நின்றுவிடும்.

என் மனைவிக்கு வேன் கவலை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிப்போகும் வேன் டவுனுக்குப் போகாது. பெரிய சாலை வரைக்கும் நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறேன், வேலைக்கு அரை மணி நேரம் பிந்தி வர, எங்களை மேய்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன். ஆனால் மகளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து ஊற்றிவிட்டு, குளித்து, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையிலிருந்து பால் வாடை போவதில்லை. பள்ளி வராந்தாவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தகப்பன்மார்கள் உட்கார்ந்து, மடியில் பாரத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்றபடியே சுவரில் தாளை வைத்து வேகமாக எழுதினார். நமக்கும் ஒரு பாரம் கொடுத்து, எல்லார் முன்னாலும் எழுதச் சொல்வார்களே என்று நினைத்தேன். ஆசிரியர் மலாய்க்காரர். எனக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். அதை வைத்துக்கொண்டு அவர் முன்னால் என்ன பேசுவது? வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் ஒரு மரத்தடியில் நின்றேன். கொஞ்சம் கூட்டம் குறையட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது டவுன்காரர் ஒருவர், நம் ஆள்தான், காலில் பளபளப்பான சப்பாத்து போட்டவர், என்னிடம் வந்தார்.

“அண்ணே, டொய்லட் எந்தப் பக்கம்?”

பின்பக்கம் கை காட்டினேன்.

“இங்கதான வேல செய்றீங்க? புல்லெல்லாம் நல்லா வெட்டி வச்சிருக்கீங்க.”

“ஆமாங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடம் யோசித்தும் தெரியவில்லை. இல்லை, நானும் ஒரு பிள்ளையின் தகப்பன்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சொல்லாததால், அவர் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் அவர் பக்கத்தில் போய் உட்கார முடியாது. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மெர்லிமாவில் ஒரு கடையில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியரைப் பார்த்துவிட்டு வருகிற நேரம் ஆக வேண்டும் அல்லவா.

வீட்டு வாசலிலேயே மகள் நின்றிருந்தாள்.

“சார் என்னப்பா சொன்னாரு?”

“பஸ்ஸெல்லாம் ரொம்ப தூரமாம். கலைப் பிரிவே ஒனக்கு நல்லதுன்னுட்டாரு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சார் சொன்னா சரிதாம்ப்பா” என்று சொல்லிவிட்டுக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். ஆசிரியரே சொன்னார் என்று நம்பிவிட்டாள் என நினைத்து எனக்கு மூச்சு வந்தது.

பரீட்சை முடிவு வந்தபோது அறிவியலில் அவளுக்கு முதல் தரம். இருந்தும் அதே பள்ளி, அதே வேன். கலைப் பிரிவில் படித்து ஐந்தாம் படிவத்திலும் நன்றாகத்தான் தேறினாள். அதன் பிறகு பத்திரிகையில் வரும் படிப்பு விளம்பரங்களை எல்லாம் வெட்டி எடுத்து வைத்தாள். ஆய்வுக்கூடப் பயிற்சி, மருந்தகப் பயிற்சி என்று எதை எடுத்தாலும் பௌதிகம் வேண்டும், ரசாயனம் வேண்டும் என்று போட்டிருந்தது. அவள் உரக்கப் படிப்பாள். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அந்தத் தாள்களை அவளே அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஆயர் குரோவில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். தொழிற்சாலை பஸ் பெரிய சாலைக்கு வரும். நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன். அரை மணி நேரம் பிந்தி வர மண்டோரிடம் கேட்டேன், உடனே சரி என்றார். என்ன வேலை என்று அவளிடம் கேட்டதற்கு, “மைக்ராஸ்கோப் பாக்குற வேலதாம்ப்பா” என்றாள். சின்னச் சின்னத் துண்டுகளில் கீறல் இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். “ஆனா இது எதுவும் ஆடாது” என்றாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுப்பாள்.

இந்த வருடம் சின்ன மகள் மூன்றாம் படிவம். போன வாரம் அவள் அதே மாதிரி ஒரு பாரத்தைக் கொண்டுவந்தாள். பெரியவள் அதை வாங்கி எல்லாவற்றையும் நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இந்தத் தடவ உள்ள போங்கப்பா.”

பாரத்தை வாங்கிக்கொண்டேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“அந்தத் திங்கக்கெழம சார் என்னக் கூப்ட்டாரு. ஒங்கப்பா ஏன் வரலைன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்.”

அடுத்த சனிக்கிழமைகூட வரச் சொல்லு என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டில் அதைச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா, நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். பிறகு வேலைக்குச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டாள்.

நேற்று சனிக்கிழமை. சின்ன மகளோடு போனேன். அதே வராந்தா, அதே மாதிரி நாற்காலிகள். ஆசிரியர் வேறு ஒருவர். என் கடைத்தெரு மலாயைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. மகளுக்கு விருப்பமா, பஸ்ஸுக்கு வழி இருக்கிறதா என்று இரண்டு கேள்விதான் கேட்டார். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். போட்டேன். எழுந்து கை கொடுத்தார். பால் வாடை அவருக்கும் வந்திருக்கும். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெரியவள் வேலை முடிந்து வந்து இப்போது உள்ளே தூங்குகிறாள். எழுந்ததும் இதை அவளிடம் கொடுக்கப் போகிறேன். பிழை இருந்தால் திருத்துவாள், அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். இதை அன்றைக்கே, அந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதியது இன்றுதான்.

15 நவம்பர் 1998, ஞாயிறு.