மேசை மேல் ஒரு வளையம்

குஞ்சிதபாதம் நின்றபடியே கனவு காணும் பேர்வழி. இழைப்புளியைத் தள்ளுகிறவன் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மின்நிலையப் புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவன் கையில் வித்தை இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அறுபத்துமூன்றாம் வருஷம் நெய்வேலி மரப்பட்டறையில் நாங்கள் இருவரும் கான்ட்ராக்ட் தச்சர்கள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கிற பழைய தேக்கு மேசையை விருந்தினர் விடுதிக்குக் கேட்டார்கள். ஃபோர்மேன் சிங்காரவேலு அதை அவனிடம் ஒப்படைத்தார்.

"ஒரு தழும்பு இருக்கக் கூடாது. நல்லா செஞ்சா உம் பேர பெர்மனெண்டுக்கு எழுதறேன். இல்லன்னா அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவன் பள்ளங்களில் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினான். ஆவி எழும்பி அவன் முகத்தை மறைத்தது. அமுங்கிய மரம் மெல்ல உப்பி மேலே வந்தது.

"மரம் எங்கயும் போவல. அமுங்கிக்கினு கெடக்குது, அவ்ளோதான்" என்றான், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி.

கீறல்களில் அரக்கை உருக்கி நிரப்பினான். கடைசியாக, சுடு தம்ளர்கள் பாலிஷில் விட்டிருந்த வெள்ளை வளையங்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கத் தொடங்கினான்.

எங்களுக்கு டீ கொண்டுவருகிறவள் பட்டம்மாள், வாசல் டீக்கடைக்காரரின் மகள். என் இடத்தில் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று குழம்பிக் கிடந்தன. மற்றவர்கள் இடத்திலும் அப்படித்தான். குஞ்சிதபாதம் உட்காரும் மூலையில் மட்டும் ஒரே ஒரு வளையம். ஒரு வருஷமாக அவள் அவனுடைய தம்ளரை இம்மி பிசகாமல் அதே இடத்தில் வைத்திருக்கிறாள்.

பஞ்சு அந்தரத்தில் நின்றது. அவளிடம் இவன் நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"தொடச்சிடுடா, ஃபோர்மேன் வராரு" என்றேன்.

"இது ஒண்ணு இருக்கட்டுமே."

"புத்தி கெட்டுப்பூட்டுதா? பெர்மனெண்ட் பூடும்டா."

அவன் சிரித்தான். நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

சிங்காரவேலுவும், டீத்தட்டோடு பட்டம்மாளும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அவர் குனிந்து, பலகையை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மூலையாக நகர்ந்தார். பட்டம்மாளும் மேசையைப் பார்த்தாள். எல்லாம் போய் அது ஒன்று மட்டும் மிச்சமிருப்பதைக் கண்டுகொண்டாள். அவர் அந்த மூலைக்கு வருவதற்குள் ஒரு தம்ளரை எடுத்து, சரியாக அதன்மேல் வைத்தாள்.

"பாலிஷ் கெட்டுடும்மா. சூடா எதையும் வைக்காத."

"ஆறிப்போன டீதாங்க."

டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் ஆவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, பேர எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பெர்மனெண்ட் ஆனா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாங்க?" பட்டம்மாள் மேசையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"குடுப்பாங்க" என்றான் குஞ்சிதபாதம். அவன் முதல் தடவையிலேயே பதில் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவள் போனதும் அந்த டீயை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு பஞ்சை நனைத்து, வளையத்தை அவனே துடைத்து எடுத்தான்.