நூல்கடை அக்காவின் வம்சக் கண்

துணியைக் கடை வாசலில் ஒரு தடவை பார்ப்பாள் நூல்கடை அக்கா. உள்ளே போய், அலமாரி நிறையப் பச்சைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பச்சையை மட்டும் உருவிக்கொண்டு வருவாள். தெருவில் அவள் கண்ணுக்கு அவ்வளவு நல்ல பேர். மூட்டுவலி வந்த பிறகு அவளுக்கு ஒரே கவலை, மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட வேண்டும்.

உட்கார வைத்த வாரமே எதிர்க்கடைத் தையற்காரர் கரும்பச்சை நூல் கேட்டார். மகன் பழுப்பைக் கொடுத்தான். தையற்காரருக்குக் கண்ணில் புரை, அப்படியே தைத்துவிட்டார். தலைமை ஆசிரியர் தன் பச்சைக் கோட்டோடு கடைக்கே வந்து, "என்னம்மா, பொத்தான் துளையெல்லாம் துருப்பிடிச்சிருக்கு?" என்றார்.

அன்று மாலை குழாய் வேலை முடித்து வந்த புருஷனுக்குத் திட்டு விழுந்தது.

"எல்லாம் உங்க வம்சம்! உங்க அண்ணன் கட்டிக்கிட்டுத் திரியற டையைப் பார்த்தாலே தெரியுமே!"

அவர் வழக்கம்போலக் கை கழுவப் போய்விட்டார்.

மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நிற நிறப் புள்ளிகளாக இருந்த படத்தைக் காட்டி, "இதுல என்ன எண் தெரியுது?" என்றார்.

"எண்ணா? எங்க?" என்றான் மகன்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "இது அம்மா வழியா வர்றது."

"என் கண்ணைச் சோதிச்சிட்டுச் சொல்லுங்க!"

"உங்க கண்ணு அருமையான கண்ணு. சிவப்பு, பச்சையைப் பிரிச்சுப் பார்க்கிற மரபணு பெண்களுக்கு ரெண்டு பிரதி. உங்களுக்கு ஒண்ணு பழுது, இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்குது. ஆண்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அம்மாகிட்டேர்ந்து. இவனுக்குப் பழுதானது வந்திருக்கு, மாத்துக்கு வேற இல்லை. உங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க."

"அப்போ நான்?" என்றார் புருஷன்.

"இந்த விஷயத்துல நீங்க ஒண்ணுமே கொடுக்கலை."

வீடு வரும்வரை அவர் முகத்தில் சிரிப்பு. "நான் ஒண்ணுமே கொடுக்கலையாம். டாக்டரே சொல்லிட்டார்."

"நான் கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தானே சொல்றேன்."

மறுநாள் அக்கா இரண்டு நூல்கண்டோடு பிறந்த வீட்டுக்குப் போனாள்.

"அப்பா, இதுல பச்சை எது?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "இடது கைல இருக்கிறது" என்றாள் அம்மா.

"இடது கைல இருக்கிறது" என்றார் அப்பா, துளி சந்தேகமில்லாமல்.

காலைதோறும் அம்மா அவருக்குச் சட்டை எடுத்து வைப்பதைச் சொந்தக்காரர்கள் பாசம் என்று மெச்சுவார்கள். பாசமும்தான்.

கல்லாவுக்கு வேறு ஆள் தேட வேண்டியதுதான் என்ற முடிவோடு அக்கா திரும்பினாள். கடை வாசலில் ஓர் அம்மாள், அங்கே வாங்கிய கம்பளித் துணியில் ஓட்டை என்று அதைக் கையோடு கொண்டுவந்து நின்றிருந்தாள். அக்கா கடையில் இருந்த அதே துணியின் மிச்சச் சுருளை விரித்து, மூக்கு உரசப் பார்த்தாள். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

மகன் எட்டிப் பார்த்து ஒன்றைக் கிள்ளி எடுத்தான். பிறகு இன்னொன்று. தின்ற கம்பளி இழையிலேயே கூடு கட்டி, அதே நிறத்தில் ஒட்டிக் கிடந்த புழுக்கள்.

"எப்படிடா தெரிஞ்சது?"

"உருண்டையா இருக்கே. உனக்குத் தெரியலையா?"

இத்தனை நாள் அவள் நிறத்தையே பார்த்து, அந்தப் புழுக்களை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நிறத்தை நம்புகிற கண்ணிடம் அவை பிழைத்துக்கொள்கின்றன, வடிவத்தைப் பார்க்கிற அவனிடம் அந்த வேஷம் பலிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு அடுக்கிலும் நிறத்தின் பெயர் எழுதி ஒட்டியாகிவிட்டது. துணியோடு வருபவர்களை அக்கா பார்ப்பாள். சரக்கும் கல்லாவும் மகனுக்கு.

"சும்மா சொல்லக் கூடாது, பய கண்ணு பிரமாதம்" என்றார் புருஷன், மகன் தோளில் கை போட்டு. "எங்க வம்சத்துல எல்லாருமே..."

"கையை எடுங்க. அது எங்க அப்பா கண்ணு."