கடைசி ஆள் சுவரைத் தொடும்வரை

எங்க அண்ணியைப் பார்த்து யாராவது "ரொம்ப அமைதியானவங்க"ன்னு சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். அமைதியாம், மண்ணாங்கட்டி! நீச்சல் குளத்தோட இந்தக் கோடியில நின்னு ஒரு சத்தம் போட்டா, அந்தக் கோடியில தண்ணிக்குள்ள இருக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டை. ஆனா அந்தத் தொண்டையிலேர்ந்து ஒரு வார்த்தைகூட வராத காலமும் இருந்துச்சு. அதைக் கிட்ட இருந்து பார்த்தவ நான்.

என் அண்ணன் திடீர்னு போயிட்டான். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவன், ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கல. அன்னையிலேர்ந்து அண்ணி ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவங்கதான். சாப்பிடச் சொன்னா சாப்பிடுவாங்க, குளிக்கச் சொன்னா குளிப்பாங்க, அப்புறம் திரும்ப வந்து அதே நாற்காலியில உட்காருவாங்க. மாசக்கணக்கா இப்படியே ஓடுச்சு. எனக்குத்தான் மூக்குக்கு மேல கோபம் வருமே. ஒருநாள் தாங்க முடியாம கத்திட்டேன்.

"அண்ணி, நீங்க காலேஜ்ல நீச்சல் கப் வாங்கினவங்கதானே? அங்க குளத்துல பசங்க கோச் இல்லாம ஆட்டம் போட்டுட்டிருக்காங்க. என் பையனும் அதுல ஒருத்தன். வந்து ஆளுக்கு நாலு அறை விடவாவது எழுந்திருங்க!"

நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தாங்க. "அறையெல்லாம் விட மாட்டேன்"ன்னாங்க. "வரேன்."

பசங்கன்னு சொன்னேனே, அதுங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அந்த டீமுக்கு நான்தான் மேனேஜர். பேருதான் மேனேஜர். துண்டு எண்ணுறது, காணாமப்போன நீச்சல் கண்ணாடியைத் தேடுறது, வேன்ல ஏத்துறது, இறக்குறது, இதுதான் வேலை. அதுங்களைக் கட்டி மேய்க்கிறதுக்குள்ள என் உயிர் போயிடும். 'பூட்டு'ன்னு ஒருத்தன், குளியலறைக்குள்ள போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு மேல ஏறிக் குதிச்சு வெளிய வந்துடுவான். அப்புறம் அந்தக் கதவைத் திறக்க ஆசாரியைத்தான் கூப்பிடணும். 'குட்டி'ன்னு ஒரு பொண்ணு, பார்க்கத்தான் பூனை, கையில மிதவைப் பலகை கிடைச்சா யார் முதுகுன்னு பார்க்க மாட்டா. எல்லாத்துக்கும் தலைவன் நான் பெத்த ரத்தினம், 'மோட்டார்'. தண்ணிக்குள்ள போனாக்கூட வாய் ஓயாது, பேச்செல்லாம் குமிழியா மேல வரும். ரெண்டு பள்ளிக்கூடம் அவனைத் திருப்பி அனுப்பியிருந்துச்சு. ராத்திரி படுத்தா இவன் என்ன ஆவானோன்னு எனக்குத் தூக்கமே வராது.

முன்னால இருந்த கோச் விசிலைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, "நீங்களே வெச்சுக்கங்கம்மா"ன்னுட்டுப் போனவர். அண்ணி அந்த விசிலை வாங்கி கழுத்துல போட்டுக்கிட்டாங்க. ஆனா ஊதல. முதல் நாளே மோட்டாரைக் கூப்பிட்டாங்க. "உனக்கு வாய் நல்லா வேலை செய்யுது. குளத்தோட அந்தப் பக்கம் நில்லு. ஒவ்வொருத்தரும் எத்தனை சுத்து முடிச்சாங்கன்னு நீதான் சத்தமா சொல்லணும். தப்பா சொன்னா அவங்க பாவம், கூடுதலா நீந்தணும்."

அவ்வளவுதான்! பிள்ளை அப்படியே மாறிப்போயிட்டான். மத்தவங்க சோறு கொஞ்சமா சாப்பிட்டாக்கூட அக்கறையா விசாரிக்க ஆரம்பிச்சான். அந்த வருஷம் அவன் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டப்ப வழக்கம்போல தலையைத் தொங்கப்போட்டுட்டுத்தான் போனேன். பையன் நல்லா இருக்கான்னு சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாங்க. வெளிய வந்து படிக்கட்டுல உட்கார்ந்து அழுதேன். எங்க அண்ணி நல்லா இருக்கணும்.

இப்படிப் போயிட்டிருக்கும்போதுதான் அந்தத் தொடர் நீச்சல் போட்டி. நாலு பேர் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நீந்தணும். எங்க டீம்தான் முதல்ல வந்துச்சு. வந்ததும் என்ன பண்ணுச்சுங்க? கரையில நின்ன மொத்தக் கூட்டமும் சந்தோஷத்துல தொபுக்கடீர்னு தண்ணில குதிச்சுடுச்சு. மத்த டீம் இன்னும் நீந்திட்டிருக்கு! எல்லா டீமும் முடிக்கிற வரைக்கும் வேற யாரும் தண்ணில இறங்கக்கூடாது, இறங்கினா அந்த டீமையே நீக்கிடுவாங்க. போச்சு மெடல். பக்கத்துப் பாதையில வந்த பையன் இதுங்க அடிச்ச தண்ணியைக் குடிச்சு இருமி, அது வேற புகாராப் போச்சு.

எங்க குளத்து மேனேஜருக்குப் பசங்க வெச்ச பேரு 'குளோரின்'. அவர் வந்தாலே எல்லார் கண்ணும் எரியுமாம். அவர் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். "அடுத்த போட்டிக்கு நானே வந்து பார்ப்பேன். உங்க பசங்க அடங்கலைன்னா உங்க காலைப் பயிற்சி நேரத்தை வேற கிளப்புக்குக் கொடுத்துடுவேன். டீமும் கிடையாது, கோச்சும் கிடையாது."

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். மூலையில கிடந்த அந்த நாற்காலி திரும்ப ஜன்னல்கிட்ட வந்திருந்துச்சு. பசங்களுக்கு என்ன, வேற குளம் கிடைக்கும். இவங்க இந்தத் தடவை அதுல உட்கார்ந்தா எழுப்ப என்னால முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

மறுநாளிலேர்ந்து அண்ணி நீச்சலைக் குறைச்சுட்டு, நிக்கிறதுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. சொன்னா யாரு நம்புவாங்க? முடிச்சவங்க கரை ஓரத்துல கால் கட்டை விரல் படுற மாதிரி நிக்கணும். கடைசி ஆள் சுவரைத் தொடுற வரைக்கும் அசையக்கூடாது. சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் கிள்ளுவான், ஒருத்தி சிரிப்பா, ஒண்ணைப் பார்த்து பத்தும் சிரிக்கும், தொபுக்கடீர்! மறுபடியும் முதல்லேர்ந்து. போட்டிக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு தடவைகூட உருப்படியா நிக்கல. "விதி விட்ட வழி"ன்னு நான் துண்டுகளை மூட்டை கட்டினேன்.

போட்டி நாள். எதிர் வரிசையில குளோரின் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். முதல்ல மோட்டார், அப்புறம் பூட்டு, அப்புறம் இன்னொருத்தன், கடைசியா குட்டி. என்னா நீச்சல்டா சாமி! குட்டி சுவரைத் தொட்டப்ப பக்கத்துல யாருமே இல்ல. முதலிடம்! எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தோணல. என் கண்ணெல்லாம் கரையில நிக்கிற வானரங்க மேலதான். ஏன்னா கடைசிப் பாதையில ஒரு சின்னப் பையன் இன்னும் பாதி தூரம்கூட வரல. தத்தளிச்சுத் தத்தளிச்சு, ஊர்ந்து வந்துட்டிருந்தான்.

நின்னாங்க. மோட்டார் ரெண்டு கையாலயும் தன் வாயைப் பொத்திக்கிட்டு நின்னான். பூட்டு அவன் கால்சட்டையைப் பின்னாலேர்ந்து கெட்டியாப் பிடிச்சிருந்தான். குட்டி தண்ணிக்குள்ளயே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினா. ஒருத்தரும் அசையல.

அண்ணி என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க. "பாருடி, நிக்கிறாங்க"ன்னாங்க. "ஐயோ, நிஜமாவே நிக்கிறாங்கடி!"

அடுத்த நிமிஷம் என் கையில அவங்க கை இல்ல.

தொபுக்கடீர்!

ஷூவோட, விசிலோட, அண்ணி குளத்துக்குள்ள. இத்தனை வருஷத்துல நான் கேட்டே இராத மாதிரி கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு தண்ணியை ரெண்டு கையாலயும் அடிச்சாங்க. நடுவர் விசில் ஊதினார். எங்க டீமை நீக்கியாச்சு. பாவி மக, எல்லாத்தையும் கெடுத்துட்டாங்களே!

பசங்க திரும்பி கோச்சைப் பார்த்தாங்க. வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்தாங்களே தவிர, காலை எடுக்கல. அந்தச் சின்னப் பையன் தவழ்ந்து வந்து சுவரைத் தொட்டான். அப்பத்தான் மோட்டார் வாயிலேர்ந்து கையை எடுத்தான்.

"கோச், கடைசி ஆள் தொட்டாச்சு. இப்ப நாங்க வரலாமா?"

"வாங்கடா!"

அதுக்கப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல? குளத்துல பாதித் தண்ணி வெளியதான் இருந்துச்சு. அண்ணிக்கு அப்பத்தான் சுருக்குன்னு உறைச்சிருக்கு. முகம் வெளுத்து, "மெடலைத் தொலைச்சுட்டேனேடா"ன்னாங்க. பூட்டு பெரிய மனுஷனாட்டம் அவங்க தோளைத் தட்டினான். "விடுங்க கோச், போன தடவை நாங்க தொலைச்சோம், உங்களுக்கும் ஒரு சான்ஸ் வேணாமா?"

குளோரின் ஈரத் தரையில வழுக்காம மெதுவா எங்ககிட்ட வந்தார். அண்ணியைக் கரையேத்தி துண்டைப் போர்த்தினேன். பல்லு கிடுகிடுங்குது. குளிரா பயமான்னு தெரியல. அவங்களைத் திட்டுறதா, கட்டிப்பிடிச்சுக்கிறதான்னு எனக்கும் தெரியல. ரெண்டையும் பண்ணினேன்.

"நான் பசங்க அடங்கணும்னுதான் சொன்னேன்"ன்னார் அவர். அந்த மூஞ்சியில சிரிப்பு வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். "பசங்க நின்னாங்க. காலை நேரம் உங்களுக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே போட்டி நடக்கும்போது இந்த அம்மாவை யாராவது பிடிச்சுக்கணும்."

"நான் பிடிச்சுக்கிறேன் சார்"ன்னான் மோட்டார்.

அண்ணியோட ஈரக் கையை அப்பவே பிடிச்சவன்தான். மீதிப் போட்டி முழுக்க, ஒரு வார்த்தை பேசாம, அவங்க பக்கத்துலயே நின்னான்.