வைப்பர் எந்தப் பக்கம்?

கார் பட்டறையில் நிறம் கலப்பதுதான் அவள் வேலை. இடிபட்டு வரும் காரின் பழைய பெயின்டோடு ஒட்டுத் தெரியாதபடி புது பெயின்ட் கலந்து கொடுப்பாள். அந்தக் கண்ணை நம்பித்தான் மாதிரிக் கார் சேகரிப்பவர்களின் சங்கம் அவளை ஆண்டுப் போட்டிக்கு நடுவராக்கியது. நிஜக் காரை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும் குட்டி உலோகக் காருக்கு முதல் பரிசு. சங்கத்தில் அவளுக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

அந்த ஆண்டு அவள் கொழுந்தன் ஒரு பச்சைக் காரோடு போட்டியில் இறங்கினான். அவளுக்கு அப்போதே தலைவலி தொடங்கியது.

"சொந்தக்காரங்க காரை நான் பார்க்க மாட்டேன். வேற ஆளை வைங்க" என்று சங்கத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"வேற யாரும்மா இருக்கா? நீங்க நியாயமா பார்ப்பீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று அவர் நழுவிவிட்டார்.

நியாயமாகத்தான் பார்த்தாள். சாத்திய கதவின் இடுக்கில் அவள் நகம் நுழைந்தது. நிஜக் காரில் அந்த அளவு இடுக்கு இருந்தால் மழைக்கு உள்ளே குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். முன்விளக்கின் நடுவே, கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் ஆணி பொட்டு வைத்தது போலத் தெரிந்தது. காரைச் சிறிதாக்கியவர்கள் பெயின்டில் மின்னும் துகளைச் சிறிதாக்க மறந்திருந்தார்கள்; ஒவ்வொன்றும் சரளைக்கல் போல இருந்தது. டயர் வழுக்கை. போதாததற்கு, வைப்பர் இரண்டும் நம் ஊர்க் கார்களில் இருப்பதற்கு எதிர்ப்பக்கமாகப் படுத்திருந்தன. ஐந்து குறைகளையும் கூட்டத்தில் வாசித்தாள்.

"அண்ணி, இது கார் மாதிரி இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றான் கொழுந்தன்.

"தூரத்துல நின்னு பார்த்தா இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. கொழுந்தன் அவள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். மாமியார் போனில், "ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்று கேட்டார். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் கண்டும் காணாம விட்டா குறைஞ்சா போயிடுவ?"

"கண்டும் காணாம விடறதுக்கு நடுவர் எதுக்கு? உங்க தம்பியே மார்க் போட்டுக்கட்டுமே!"

சில நாட்களில், அதே மாடல் நிஜக் கார் ஒன்று கதவு நசுங்கிப் பட்டறைக்கு வந்தது. நிறம் பார்க்கக் குனிந்தவள் முன்கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்தாள். வைப்பர் எதிர்ப்பக்கமாகப் படுத்திருந்தது.

"இதை யாரு மாத்திப் போட்டது?" என்று மெக்கானிக்கிடம் பாய்ந்தாள்.

"யாரும் மாத்தலக்கா. வெளிநாட்டு கார்க்கா, நம்ம ஊருக்காக ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாத்தின கம்பெனிக்காரன், வைப்பரை அப்படியே விட்டுட்டான். இந்த மாடல்ல எல்லாமே அப்படித்தான்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மனசு கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வைப்பர் சரிதான். தப்பு என் மேல."

"அப்ப கதவு?" என்றான்.

"கதவு தப்புதான். பெயின்டும் தப்புதான்."

அதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. அன்று மாலைக்குள், அண்ணி தப்பை ஒத்துக்கொண்டாள் என்ற செய்தி சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போய்விட்டது. திருத்திய மதிப்பெண்ணில் அவன் கார் கடைசி இடத்திலிருந்து கடைசிக்கு முந்தைய இடத்துக்கு ஏறியது. அதை யாரும் கேட்கவில்லை. பழையபடி வீட்டுக்கு வரத் தொடங்கியவன், வந்தவர் போனவரிடமெல்லாம் வைப்பர் கதையைச் சொன்னான்.

"மீதி நாலையும் சேர்த்துச் சொல்லேன்ப்பா" என்பாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி?"

அடுத்த ஆண்டுக்கு வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளும்படி சங்கத் தலைவரிடம் சொல்லி அவள் விலகினாள். கெஞ்சுவார் என்று நினைத்தாள். "சரிம்மா" என்று உடனே சொல்லிவிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

போட்டியன்று பார்வையாளராகத்தான் போனாள். புது நடுவர் முதல் காரைக் கையில் எடுத்து, அரை நொடி பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

"எது பிரமாதம்? கதவைத் திறந்தே பார்க்கலையே!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள்.