கதவடைத்த பின் வந்த திருத்தம்

மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அட்டைப்பெட்டி வாசனையும் ஏசி உறுமலுமாக இருக்கும் அந்த அறையில் பகலைக் கழித்துவிட்டு வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இன்னொரு வேலையைத் தொடங்குவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஓர் இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள். அதன் அடித்தளத்துக்குக் கர்னல் என்று பெயர். கர்னல் டிஸ்க்கோடு பேசுவதற்கு டிரைவர் என்கிற நிரல்கள் உண்டு. அப்படி ஒரு டிரைவருக்கு யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் படித்துப் பார்த்து, சரி அல்லது வேண்டாம் என்று சொல்வது அவள் பொறுப்பு.

“டிரைவரைப் பாத்துக்கறேன்” என்று ஒருமுறை சொல்லப்போக, மாமியார், “எந்த பஸ்ஸுல?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அந்த வேலைக்கு பஸ் கம்பெனி என்றே பெயர். தட்டில் சாப்பாடு ஆறினால் கணவன், “பஸ்ஸ ஓரங்கட்டிட்டு வா” என்பான். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும்.

கர்னலின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு முறை இருந்தது. தொடக்கத்தில் புது மாற்றங்களைச் சேர்ப்பார்கள். பிறகு கதவடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் பிழைதிருத்தம் மட்டும்தான். ஆனால் கம்பெனிக்காரர்களுக்குக் கதவடைத்த பிறகுதான் தூக்கம் கலையும். டிஸ்க் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர் ஒரு தடவை அப்படித்தான் பெரிய மாற்றம் ஒன்றை அனுப்பினார். மேலே ‘பிழைதிருத்தம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வேகத்தைக் கூட்டும் வேலை.

மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் அதைப் படித்தாள். நாலு வரி படிப்பதற்குள் நர்ஸ் கூப்பிடுவார். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று மறந்திருக்கும். எல்லா வகை இயந்திரத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டதாக இன்ஜினியர் எழுதியிருந்தார். டிஸ்க் பகுதி முழுவதற்கும் தலைவராக இருந்தவரோ, “உங்களுக்குச் சரிதானே?” என்று இரண்டாம் முறையாகக் கேட்டிருந்தார். சரி என்று தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

வெளியீடு வந்ததும் பழைய இயந்திரங்கள் பல, திறக்கும்போதே உறைந்து நின்றன. எல்லோரும் படிக்கிற மடல் குழுவில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்ஜினியர் வாயே திறக்கவில்லை. இரண்டு வார விடுமுறை நாட்களைத் தின்று அவள்தான் அதைச் சரிசெய்தாள். முடிந்த பிறகு தலைவர் எல்லோர் முன்னிலையிலும் எழுதினார்: “பார்த்தேன் என்று பெயர் போடுவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது.”

அந்த வரி அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. வெங்காயம் நறுக்கும்போது ஞாபகம் வரும். கத்தி நின்றுவிடும்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். தாமதமாக வருவது எதுவானாலும் திருப்பி அனுப்பினாள். குழுவில் அவளுக்குச் செக்போஸ்ட் என்று பெயர் விழுந்தது. கிண்டலில் தொடங்கியது, போகப்போக மரியாதையாக மாறிற்று. “செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் பயமில்லை” என்று தலைவரே ஒரு மடலில் எழுதினார். அதை அவள் கணவனிடம் படித்துக் காட்டினாள். அவன், “நல்லதுதான், ஆனா வீட்லயும் இப்பல்லாம் செக்போஸ்ட் மாதிரிதான் பேசற” என்றான்.

அடுத்த ஆண்டு, வெளியீட்டுக்குச் சில நாட்களே இருந்தபோது, அதே இன்ஜினியரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. சின்னதுதான். ‘டிரைவரில் ஒரு பிழைதிருத்தம்’ என்பதற்கு மேல் விளக்கமே இல்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. மடலில் கீழே இறங்கி நிரலைப் படிக்கவில்லை. ‘விளக்கம் போதாது. அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்’ என்று பதில் போட்டாள்.

மறுநாள் மதியம் இன்ஜினியர் அவள் அலுவலகத்துக்கே போன் செய்தார்.

“மேடம், அது தள்ளிப்போட முடியாத விஷயம்.”

“என்ன ஆகுதுன்னு எழுதுங்க. எழுதாம நான் எப்படி எடுத்துக்கறது?”

“எழுதக்கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க மேடம். கஸ்டமர் விஷயம், வெளிய தெரியக்கூடாதாம். நீங்க நிரலப் படிச்சாலே புரியும்.”

“போன தடவையும் நீங்க சொன்னதக் கேட்டுதான் பேர் போட்டேன். என்ன கிழி கிழிச்சாங்கன்னு பாத்துட்டுதானே இருந்தீங்க?”

“பாத்துட்டுதான் இருந்தேன்” என்றார் அவர்.

“அப்ப வைங்க.”

சொல்லிவிட்டு அவளே முதலில் போனை வைத்தாள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை அவள் பிற்பாடுதான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. நிலம் அளக்கிற சர்வேயர். டயர் கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். கோப்புகளைச் சேர்த்து வைக்க என்ன வாங்கலாம் என்று அவன் கேட்டபோது, இந்த இயங்குதளம் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை அவள்தான் அமைத்துக் கொடுத்தாள். “உன் பஸ் கம்பெனிதானே, நம்பி ஏறலாம்” என்றான். புதிய வெளியீடு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவளே அதைப் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தாள்.

பெரிய குடியிருப்புத் திட்டம் ஒன்றில் மேடுபள்ளத்தை அளக்கும் வேலை தம்பிக்குக் கிடைத்திருந்தது. வெயிலில் கறுத்து, கால் வீங்கி, வாரக்கணக்கில் அளந்தான். மண் வெட்டுவதற்கு முன்னால் நிலம் இருந்த அளவு அது; பிற்பாடு எவ்வளவு வெட்டினார்கள் என்று கணக்குப் போட்டுப் பணம் கொடுக்க அதுதான் ஆதாரம். கடைசி நாள் அளவுக் கருவியின் மெமரி கார்டிலிருந்து எல்லாவற்றையும் பெட்டிக்கு நகலெடுத்தான். முடிந்தது என்று திரையில் வந்தது. மறுநாள் வேறு வேலைக்கு வேண்டுமென்று கையோடு கார்டை அழித்துப் புதிதாக்கினான். அந்த நேரம் பார்த்துக் கீழே டயர் கடையில் கம்ப்ரசரைப் போட்டார்கள். கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று.

மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது கோப்புகள் வரிசையாக இருந்தன. பெயர் சரி, சைஸ் சரி. திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யங்கள். ஒவ்வொன்றும் அப்படியே.

டிஸ்க் எழுதி முடிக்கும் முன்பே, எழுதியாயிற்று என்று டிரைவர் சொல்லியிருக்கிறது. அந்த வெளியீட்டில், கதவு திறந்திருந்தபோதே முறைப்படி வந்து, அவளே வரிவரியாகப் படித்துச் சேர்த்த ஒரு மாற்றத்தில்தான் ஓட்டை. தம்பியின் மேஜையிலேயே உட்கார்ந்து இன்ஜினியர் அனுப்பிய திருத்தத்தைத் திறந்தாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த ஓட்டையைத்தான் அது அடைத்திருந்தது.

“மறுபடி அளக்க முடியாதா?” என்று கேட்டாள்.

“எத அளக்கறது? இன்னிக்கு காலைல புல்டோசர் இறங்கியாச்சு. பழைய நிலமே இல்லக்கா.”

அவள் மறைக்கவில்லை. “இதுக்குத் திருத்தம் முன்னாடியே வந்துச்சுடா. எங்கிட்டதான் வந்துச்சு. நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

“ஏன்?”

“அனுப்பினவர் மேல கோபம்.”

தம்பி அவளையே பார்த்தான். “இதுக்கு யாராவது சம்பளம் குடுக்கறாங்களா உனக்கு?”

“இல்ல.”

“அப்ப எதுக்குக்கா அங்க போய் உக்காந்திருக்க?”

அவள் திரையை மூடிவிட்டு எழுந்தாள்.

அன்றே திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டாள். படிக்காமல் திருப்பி அனுப்பியது தன் தவறு என்று குழுவில் வெளிப்படையாக எழுதினாள். கோப்பு இழந்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். முன்பு விழுந்ததைவிட மோசமான வசவுகள் விழுந்தன. இன்ஜினியர் தனியாக ஒரு மடல் அனுப்பியிருந்தார்: ‘முதல் தடவை நான் பேசியிருக்க வேண்டும்.’ இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதினாள். யாரும் தடுக்கவில்லை. அந்த இடத்துக்கு இன்ஜினியரையே போட்டார்கள்.

அளவுகளை வேண்டுமென்றே ஒளித்துவிட்டதாகத் தம்பி மேல் மண் வெட்டியவர்கள் பழிபோட்டார்கள். கோப்பு எப்படித் தொலைந்தது என்று அவளே போய் விளக்கினாள். அக்கா தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மாடி அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டு, வேறொரு சர்வேயரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தான்.

இப்போதும் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான், அவள் கணவனோடு கிரிக்கெட் பேசுவான். வேலை எப்படிப் போகிறது என்று அவள் கேட்டால் “போகுது” என்பான். போன மாதம் அவனுடைய லேப்டாப் திறக்கவில்லையாம். தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டான் என்பது, அவன் மனைவி பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது.