மகளிர் பெட்டியின் தடுப்பு

தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏழாவது பிரிவு, முதல் உட்பிரிவு: மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் கேட்டதைத் தர வேண்டும், அல்லது தர முடியாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரம். கண் பார்வை இந்த இரண்டில் எதில் அடங்கும் என்று சட்டம் சொல்லவில்லை. என் புத்தக அலமாரியில் நிற்கும் ஒரு முழ நீளத் தோல் ரயில் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பழைய மீட்டர்கேஜ் மின்சார ரயிலின் பெட்டி அது. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டியது போக மிஞ்சிய இரண்டு நிறத் தோல் துண்டுகளால் உடம்பு, உள்தோலால் இருக்கைகள், அடி அட்டையால் தரை. ஜன்னல் கம்பிகள்கூட மெழுகு நூல். தையலை எந்த ஊர் வியாபாரி வந்து பார்த்தாலும் குறை சொல்ல மாட்டான். உள்ளே ஓரிடத்தில் மட்டும் தரையின் குறுக்கே ஊசியால் குத்திய துளைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு தடுப்பு நிற்க வேண்டும், நிற்கவில்லை. அதற்காக எடுத்துவைத்த உள்ளங்கை அகலத் தோல் ஒரு பிளாஸ்டிக் உறையில், வெட்டப்படாமல், பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அதைச் செய்தவர் ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ ஆலையில் தையல் பிரிவின் சூப்பர்வைசர். ஆலை முழுவதற்கும் அவர் மேடம். நான் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் சரியாக இல்லாத சரக்கு துறைமுகத்தில் வெறும் குப்பை என்பதை முதலாளிகளுக்குப் புரியவைப்பதுதான் முப்பது ஆண்டுகளாக என் வேலை. மேடத்துக்கும் அப்படி ஒரு விதி உண்டு. வாங்குபவன் கையெழுத்திட்டு முத்திரை வைத்து அனுப்பும் ஒரு ஜோடி, அதற்குப் பெயர் சாம்பிள். அது மேசைக்கு வராமல் அவருடைய பிரிவில் ஒரு துண்டுத் தோலும் வெட்டப்படாது. ஒருமுறை சாம்பிள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, இயந்திரங்கள் எல்லாம் சும்மா நின்றன. உற்பத்தி மேலாளர் வந்து கத்தினார்.

"மேடம், ஷூதானே. போன சீசன் மாதிரியே வெட்டச் சொல்லுங்க."

"போன சீசன் மாதிரியே சம்பளம் குடுத்தா நீங்க வாங்கிப்பீங்களா சார்?"

பெண்கள் எல்லோரும் இயந்திரத்தின் மேல் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சாம்பிள் வரும்வரை இயந்திரம் ஓடவில்லை.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ரயில் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இளவயதில் அவர் இரண்டு வருடம் குரோம்பேட்டையில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தார். மாம்பலத்தில் சித்தி வீடு. தினமும் காலையும் மாலையும் மின்சார ரயில். பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆம்பூருக்குத் திரும்பினார், கல்யாணம் ஆகவில்லை, ஆலையில் சேர்ந்தார். வாழ்க்கையில் அவர் தனக்காக வாழ்ந்தது அந்த இரண்டு வருடம்தான் என்று நான் சொன்னால் அது என் வியாக்கியானம். அவர் சொன்னது வேறு: "குரோம் தோல் பதனிடுற எங்க தொழிலு பேர்ல ஒரு ஸ்டேஷனே இருக்குது சார், குரோம்பேட்டை. உங்க ஷிப்பிங் பில்லு பேர்ல எங்கியாச்சும் ஒரு பஸ் ஸ்டாப்பாவது இருக்குதா?"

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆராதனை முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் சென்னை வண்டி ஏறுவார். அங்கே அவருக்கு யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து கடற்கரை. டிராம் ஓடிய தெருக்களில் நடந்து, தண்டவாளம் எங்கே வளைந்திருக்கும் என்று கடைக்காரர்களை விசாரிப்பார். டிராம் நின்ற பிறகு பிறந்தது தன் பெற்றோர் செய்த தாமதம் என்பது அவர் கட்சி. பறக்கும் ரயிலையும் மெட்ரோவையும் ஒன்றாகப் பேசுகிறவர்களிடம் பேச்சையே நிறுத்திவிடுவார். ஆலையில் வதந்திக்குக் கேட்க வேண்டுமா? ஒரு திங்கள்கிழமை கட்டிங் மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"இன்னா மேடம், மாசா மாசம் போறீங்க. மாம்பலத்துல யாரு இருக்காங்க?"

"ஒம்போது பொட்டி இருக்குது மாஸ்டர். எல்லாம் ஒழுங்கா டைமுக்கு வரும், உங்கள மாதிரி இல்ல."

அதன்பின் அந்தக் கேள்வியை ஆலையில் யாரும் கேட்கவில்லை.

அகலப்பாதை வந்து மீட்டர்கேஜ் மின்சார வண்டி நிறுத்தப்பட்டபோது அவர் லீவு போட்டார். காரணம் என்ற கட்டத்தில் 'துக்கம்' என்று எழுதியிருந்தார். பணியாளர் பிரிவில் யார் இறந்தது என்று கேட்டார்களாம். உறவு என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை, சம்பளம் பிடித்தார்கள். விதிப்படி சரிதான்.

இருவரும் ஓய்வுபெற்ற பிறகுதான் அவர் இந்தப் பெட்டியைத் தைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பாகத்தையும் ஷூவுக்குச் செய்வதுபோல் முதலில் அட்டையில் வடிவம் வெட்டி, அளவு சரிபார்த்து, பிறகு தோலில். எல்லாம் முடிந்து, மகளிர் பகுதியைப் பிரிக்கும் தடுப்பில் வந்து நின்றது. அந்தத் தடுப்பு அவருக்கு நினைவில் இல்லை. எத்தனை உயரம், எதுவரை தகரம், எங்கிருந்து கம்பி, ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. "ரெண்டு வருஷமும் வேலை முடிஞ்சி அதுமேல சாஞ்சிக்கினுதான் சார் வந்தேன். எம்முதுவுக்குத் தெரியும். கண்ணு ஒரு நாளும் பாக்கல."

இணையத்தில் படங்கள் இருக்கின்றனவே என்றேன். படத்தைப் பார்த்து யார் ஷூ தைப்பார்கள் என்று கேட்டார். சரி, உங்கள் யூகப்படி ஒன்று வெட்டி நிறுத்துங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் அந்த உற்பத்தி மேலாளர் என்ன உணர்ந்திருப்பார் என்று தெரிந்துகொண்டேன்.

அப்போதே சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினார். இடது கண் முடிந்தது, வலது கண் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார்களாம். "படிக்கிறத கம்மி பண்ணிக்கோன்னாரு டாக்டரு. பாக்க வேண்டியத சீக்கிரம் பாத்துக்கோன்னு எனக்குக் கேட்டுச்சி." சென்னைக்கு வெளியே ஒரு பணிமனையின் பின்புறம் அந்தப் பழைய பெட்டிகளில் ஒன்று இன்னும் நிற்கிறது என்று அவரைப் போன்ற ரயில் பிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். அரைமணி நேரம் அளவு நாடாவுடன் உள்ளே போனால் போதும். அதற்குத்தான் என்னிடம் வந்தார்.

ஜனவரியில் ரயில்வேக்கு மனு எழுதினேன். அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவில், பணிகளை நேரில் பார்வையிடவும் பொருட்களின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. மாதிரி என்ற சொல்லைப் படித்துக் காட்டியபோது மேடம் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நல்ல சட்டமா என்றார். முப்பது நாள் கழிந்தது. மேல்முறையீடு செய்தேன். மார்ச்சில், மனு வேறொரு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டதாகத் தகவல் வந்தது. ஐந்து நாட்களுக்குள் செய்ய வேண்டிய மாற்றம் அது. ஏப்ரலில் அந்த வேறொரு அலுவலகம், மனுக் கட்டணத்துக்காக இணைத்த அஞ்சல் ஆணையில் பெறுபவர் பெயர் தங்கள் அதிகாரி பெயராக இல்லை என்று திருப்பி அனுப்பியது. முதல் அலுவலகத்தின் பெயரில் எடுத்த ஆணையில் அவர்கள் பெயர் எப்படி இருக்கும்? புதிது எடுத்து அனுப்பினேன். இத்தனை ஆண்டு நானே பிறருடைய காகிதங்களை இப்படித் திருப்பி அனுப்பியவன் என்பதால், அந்தக் குமாஸ்தாவின் கைவேலையை ஒரு தொழில்முறை மரியாதையோடுதான் பார்த்தேன்.

மே மாதம் அவர் வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. காத்திருக்க வேண்டாம், நேரில் போய்க் கேட்போம் என்று நான்தான் கிளப்பினேன். பணிமனையின் பின்வாசலில் காவலுக்கு ஓர் இளைஞன் இருந்தான். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டான், சொன்னோம்.

"ஆம்பூரா? நான் நாட்றம்பள்ளிம்மா. பொட்டி பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தோ தெரியுதே, அதுதானாப்பா?"

"அதுதான். புதரு மண்டிக்கினு கெடக்குது. பெரிய சாரு எல்லாம் மீட்டிங்ல இருக்காங்க. கேட்ட தொறக்குறேன், போய் பாத்துட்டு வந்துடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

கம்பிக் கதவுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், செடிகொடிக்கு மேலே ஒரு கூரையும் நான்கு ஜன்னல்களும் தெரிந்தன. நான் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க விதிகளை ஓதியவன். மேடம் அசையவில்லை.

"பர்மிஷன் கேட்டு எழுதியிருக்குதுப்பா. வரட்டும்."

"அது எங்கம்மா வரப்போவுது? கண்ணு வேற சரியில்லன்றீங்க."

"டிக்கெட் வாங்காம ஒரு பிளாட்பாரத்துல கால் வச்சதில்ல நானு. இப்ப திருட்டுத்தனமா ஏறச் சொல்றியா? அப்பிடி அளவு எடுத்தா அது சாம்பிள் இல்ல கண்ணு." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாங்க சார். பாவம், அந்தப் புள்ள வேலைக்கு ஒல வெச்சிடாதீங்க."

கொண்டுவந்திருந்த பிரியாணிப் பொட்டலத்தில் ஒன்றை அவனிடம் கொடுத்தார். திரும்பும் வழியில் அரக்கோணம் தாண்டும்போது, "நிக்குதில்ல சார்? அது போதும்" என்றார்.

செப்டம்பரில் வலது கண்ணும் போய்விட்டது. ஒரு வாரம் யாரையும் வீட்டுக்கு வரவிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய தம்பி மகள் கதவைத் திறந்தாள். மேடம் தோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கை இருக்குதே சார். தோலுக்கு கண்ணு ஜாஸ்தி வேணாம். உள்ள வுட்டாங்கன்னா தடவிப் பாத்து அளவு எடுத்துடுவேன். முதுவ சாச்சிப் பாத்தா உயரம் தெரிஞ்சிடும். இன்னொரு லெட்டர் போடுங்க."

போட்டேன். ஐந்தாவது நினைவூட்டல். இத்தனை நாள் எழுதியவற்றிலேயே அதுதான் நன்றாக அமைந்தது என்று எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. ஒரே பக்கம். இலக்கணப் பிழை இல்லை, பார்வை எண்கள் எல்லாம் சரி. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். மனுதாரர் குறிப்பிடும் பெட்டி உபயோகமற்றது என அறிவிக்கப்பட்டு, கடந்த ஜூன் மாதம் ஏலத்தில் விற்கப்பட்டு, வாங்கியவரால் அதே இடத்தில் வெட்டி அகற்றப்பட்டது. எனவே பார்வையிடுவது என்ற கேள்வி எழவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.

இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"வெட்டுனது எந்த மாசம் சார்?"

"ஜூன்."

"நாம போனது?"

அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். தெருவில் ஷிஃப்ட் விட்டுப் போகிற பெண்களின் பேச்சு கேட்டது. தம்பி மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நாம எழுதுனதுல எங்கியும் தப்பு இல்லியே சார்?"

"இல்ல மேடம்."

"அப்ப சரி." தோல் பெட்டியைத் தடவி எடுத்து என் பக்கம் நீட்டினார். பிளாஸ்டிக் உறையையும் அதன் மேல் வைத்தார். "நீங்க கொண்டு போய்டுங்க. சாம்பிள் வராத ஆர்டரு. இங்க இருந்தா கை அதுமேலேயே போவுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ அதன்பிறகோ அவர் ரயிலைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. போனால் சர்க்கரை அளவைச் சொல்கிறார், பிரசங்கம் நீளமாக இருந்தது என்கிறார். வீட்டுக்குப் பின்னால் பெங்களூர் வண்டி கடந்துபோகும்போது, முன்பெல்லாம் பேச்சை நிறுத்திச் சக்கரச் சத்தத்தைக் கேட்பவர், இப்போது குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே போகிறார்.

பெட்டி என் அலமாரியில் நிற்கிறது. தடுப்பு இல்லாததால் அதில் மகளிர் பகுதி எது என்று தெரியாது. வேலை முடிந்து வருகிற ஒரு பெண் சாய்ந்துகொள்ள அங்கே இடமில்லை. உறையிலிருக்கும் தோலை நான் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன். அதன் அருகில் அந்த ஒரு பக்கப் பதிலை மடிக்காமல் வைத்திருக்கிறேன். அது வந்த தபால் உறையின் மேல், எந்தக் கடிதமானாலும் வாங்கியவுடன் எழுதிவைக்கும் பழக்கத்தில் என் கையெழுத்தில் குறித்த வரி அப்படியே இருக்கிறது: பெறப்பட்டது, அக்டோபர் ஒன்பது.