பூட்டிய வீடுகளும் செலின் மிஸ்ஸும்

செலின் மிஸ் இறந்துபோன செய்தி மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் படித்த பெண் ஒருத்தி, "அடக்கம் நேத்தே ஆயிடுச்சே சார், உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். சொல்லவில்லை. அதில் நியாயம் உண்டு.

ஏழு ஆண்டுகள் ஒரே கல்லூரியில், ஒரே துறையில் வேலை பார்த்தோம். சமூகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியலும் சர்வே எடுக்கும் முறையும் எங்கள் பாடம். கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் பிள்ளைகளிடம் முதல் நாளே அவர் கேட்பார்: "இன்னிக்கு வராதவங்க ஏன் வரலைன்னு வந்தவங்களைக் கேட்டாப் போதுமா?" பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பட்டினப்பாக்கம் சர்வேயை அவர் கவனிக்காமல் கெடுத்ததால்தான் வேலை போனது என்று, அவரிடம் படித்த, அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அது பொய். அதைச் சொல்லவேண்டியவன் இத்தனை நாள் வாய்மூடிக் கிடந்தேன்.

அங்கே மீனவப் பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று கண்டறிந்து சொன்னால், குழந்தைகள் காப்பகம் கட்டலாமா என்று அதிகாரிகள் முடிவு செய்வார்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீடு. பூட்டியிருந்தால் வெவ்வேறு வேளைகளில் மூன்று முறை போகவேண்டும். இது செலின் மிஸ் வகுத்த விதி. அந்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மேற்பார்வை என் தலையில் விழுந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. "பூட்டியிருந்தா அடுத்த வீட்டுக்குப் போங்க, எண்ணிக்கை நிறைஞ்சாச் சரி" என்று மாணவர்களிடம் சொன்னேன். பெரும்பாலான பெண்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், காப்பகம் தேவையில்லை என்று அறிக்கை போயிற்று.

உடம்பு தேறி வந்தவர் வினாப்படிவங்களைப் புரட்டினார். ஒன்றின் ஓரத்தில் ஒரு மாணவன் பென்சிலால் எழுதியிருந்தான்: "பூட்டு. உள்ளே குழந்தை அழுகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. அடுத்த வீடு."

அன்று மாலையே என்னை அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விடியசொல்லோ ஏலத்துக்குப் போனா, வித்துட்டு வர மத்தியானம் தாண்டிடுது. புள்ளைய இன்னா பண்றது? உள்ள வச்சுப் பூட்டிக்கினுதான் போறேன். ஆளில்லாதப்ப வந்துட்டுப் போனா நான் இன்னா பண்ண முடியும்?"

திரும்பும் வழியில் செலின் மிஸ் சொன்னார்: "வேலைக்குப் போறவங்களை எண்ண வந்தோம் சார். வேலைக்குப் போனவங்களை விட்டுட்டு எண்ணியிருக்கோம்."

அறிக்கை தவறு, மறுபடி எடுக்கவேண்டும் என்று அவர் கடிதம் எழுதினார். கீழே இருவர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார். துறைத்தலைவர் பதவி எனக்கு வரவிருந்த நேரம். "நாளைக்குப் பாக்கலாம் மிஸ்" என்றேன். அவர் தன் கையெழுத்தோடு மட்டும் அனுப்பினார். நிர்வாகம் இருவரையும் கூப்பிட்டு, யார் பொறுப்பு என்று கேட்டது. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சர்வே என்னோடது, நான்தான் பொறுப்பு" என்றார். அடுத்த பருவத்தில் அவருக்கு வேலை இல்லை.

காப்பகமும் வரவில்லை. அந்த வருஷமே அங்கே பூட்டியிருந்த குடிசை ஒன்று எரிந்து, உள்ளேயிருந்த குழந்தை இறந்தது. எந்த வீடு என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் நேரில் போய் அந்தத் தாயோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம்.

கடைசியாக ராஜா அண்ணாமலைபுரத்தில் அவரைப் பார்த்தேன், டியூஷன் எடுத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "திருத்தத்தை நான் எழுதிட்டேன் சார். தப்பை நீங்கதான் எழுதணும்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

பதவி எனக்குக் கிடைத்தது, அந்த நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் படிக்க முடியாத நாளில் அதற்குக் கீழ்ப்படிகிறேன்: அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னவன் நான்.